உட்கார்ந்து வாசித்த பேண்டு

ஊரடங்கு தளர்ந்தபோது ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மளிகைக் கடை, சலூன், பஸ், கோயில், சர்ச், கடைசியில் கல்யாண மண்டபம். எங்களுக்கு மட்டும் வேலை திரும்பவில்லை. வேண்டாம் என்று யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் போனிலேயே சொல்லிவிடுவார்கள்: டிரம் அடிக்கிறவர்கள் மட்டும் வரட்டும், வாயால் ஊதுகிறவர்கள் வேண்டாம். நான் ஊதுகிறவன். பெங்களூரு காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறேன். அடுத்தவர் மூச்சுக் காற்றுக்கு ஊரே பயந்துகொண்டிருந்த காலத்தில் எங்களை யார் கூப்பிடுவார்கள்?

எங்கள் செட்டில் பாதிப் பேர் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். அப்பாக்கள் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சுரங்கம் மூடிய பிறகு நாங்கள் பெங்களூரு வந்தோம். சிலர் இன்னும் அங்கிருந்தே தினமும் ரயிலில் வந்து போகிறார்கள். சர்ச் திருவிழாவின் தேர்ப்பவனி, கல்யாண வரவேற்பு, சாவு, பிள்ளையார் ஊர்வலம், கட்சி ஊர்வலம், எதுவானாலும் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடப்போம். தோளில் ஜரிகைப் பட்டை, தலையில் தொப்பி. கோட்டை மட்டும் பார்த்தால் ராணுவம். காலைப் பார்த்தால் ரப்பர் செருப்பு.

வேலை நின்றதும் ஆளுக்கொரு பக்கம் போனோம். கிளாரினெட்காரர் ஆட்டோ ஓட்டினார். சைட் டிரம் வாசிக்கிறவன் தங்கவயலிலேயே சுண்ணாம்பு அடிக்கப் போனான். நான் ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து சந்தாபுராவுக்கு இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு கிடங்கில் பார்சல்களுக்கு டேப் ஒட்டினேன். டிரம்பெட் பெட்டிக்குள் பீரோ மேல் இருந்தது.

தொற்றின் இரண்டாவது அலையில் எனக்கும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பித்தேன். எங்கள் மாஸ்டர் தப்பவில்லை. அவர்தான் செட்டை நடத்தியவர், முன்னால் விசில் ஊதிக்கொண்டு நடப்பவர். பிளாஸ்டிக் உடுப்பு போட்ட ஆட்கள் அவரை அடக்கம் செய்தார்கள். இந்தப் பக்கத்துச் சாவுகளில் பாதிக்கு வாசித்தவர் அவர். அவருக்கு வாசிக்க எங்களில் ஒருவரைக்கூட கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. போனில் செய்தி கேட்டபோது நான் கிடங்கில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு விடுப்புக் கேட்கவில்லை. கேட்டு எங்கே போவது?

மாஸ்டரின் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாத்தியம் எதுவும் அவர் வாசித்ததில்லை. ஆர்டர் பிடிப்பது, கோட்டுக்கு இஸ்திரி போட அனுப்புவது, டெம்போ பேசுவது, குடித்துவிட்டு வருகிறவனைத் திருப்பி அனுப்புவது, எல்லாம் அவர் வேலை. மாஸ்டர் போன பிறகு சந்தில் இருந்த அறையும் அதற்குள் தொங்கிய வாத்தியங்களும் அவரிடம் இருந்தன. ஒரு நாள் நான் போயிருந்தபோது ஒரு ஆள் வந்தார். ஓட்டல்களுக்கு உள்ளலங்காரம் செய்கிறவராம். ஆளைச் சுற்றிக்கொள்கிற எங்கள் பெரிய பித்தளைக் குழலைக் காட்டி, அதைக் கூரையில் மாட்டி உள்ளே பல்பு போட்டால் பிரமாதமாக இருக்கும், நல்ல விலை தருகிறேன் என்றார்.

"ஊதறதுக்குன்னா சொல்லு, யோசிக்கிறேன்," என்றார் அக்கா. "மாட்டறதுக்கு இல்ல."

அவர் போனதும் அக்கா பழைய துணியை எடுத்து அந்தக் குழலைத் துடைத்தார். அப்போது அவருக்கும் வருமானம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அரசாங்கம் உதவி செய்கிற செய்தியைக் கொண்டுவந்தவர் அதே சந்தில் குடியிருக்கும் கன்னட டீச்சர். தொற்றுக் காலத்தில் மேடை இழந்த கலைக் குழுக்களுக்கு நிகழ்ச்சி கொடுக்கப் போகிறார்கள், அரங்கம், மைக், விளம்பரம் எல்லாம் அரசாங்கத்துடையது, சன்மானமும் உண்டு என்று பேப்பரில் படித்துச் சொன்னார். அக்கா அடுத்த வாரமே அதை நடத்துகிற அரசாங்க அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். தனியாகப் போக வேண்டாம் என்று என்னையும் அழைத்தார். கிடங்கில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன்.

அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நாடகம், நடனம், கிராமியக் கலை, சாஸ்திரிய சங்கீதம், மெல்லிசை, இதில் நீங்கள் எது என்று கேட்டார். பேண்டு என்றார் அக்கா. பேச்செல்லாம் கன்னடத்தில் நடந்தது. அக்காவின் கன்னடம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அதைத் தமிழில் சொல்கிறேன்.

பேண்டு ஒரு சேவைதானே அம்மா, ஷாமியானா போடுகிறவர், சமையல்காரர் மாதிரி, என்றார் அதிகாரி. அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தது. "பேண்டு வாசிச்சா ஜனங்க கூட நடந்து போறாங்க. உட்கார்ந்து கேக்கறவங்க யாரு?"

"உட்கார நாற்காலி போட்டா உட்காருவாங்க சார்," என்றார் அக்கா. "இதுவரைக்கும் யாரும் போடல."

கப்பன் பார்க்கில் பேண்டு ஸ்டாண்டு என்று ஒன்று கட்டி வைத்திருக்கிறார்களே, அது எதற்கு என்றும் கேட்டார். அது போலீஸ் பேண்டு, ராணுவ பேண்டு வாசிக்கிற இடம் என்றார் அதிகாரி. அவர்களும் எங்களை மாதிரி வாயால்தான் ஊதுகிறார்கள் என்றார் அக்கா. அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மேடையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம், ஒரு கச்சேரி போல வாசிக்க முடியும் என்றால் மெல்லிசையின் கீழ் சேர்த்துப் பார்க்கிறேன். ஊர்வலத்துக்கு வாசிப்பதை அப்படியே மேடையில் கொண்டுவந்து வைத்தால் தேர்வுக் குழுவில் இருக்கிற மற்றவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முடியுமா?

முடியும் என்றார் அக்கா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் நான் சொன்னேன், நாங்கள் யாரும் வாழ்க்கையில் உட்கார்ந்து வாசித்தது கிடையாது என்று. "கத்துக்கலாம்," என்றார். "நடக்கறத விட உட்கார்றது கஷ்டமாப்பா?"

கஷ்டமாகத்தான் இருந்தது. அக்கா போன் போட்டு எல்லோரையும் சந்து அறைக்கு வரவழைத்தார்; முதல் ஒத்திகையிலேயே அது தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தாளம் காலிலிருந்து வருவது. இடது கால், வலது கால் என்று நடக்க நடக்கப் பாட்டு தானாக ஓடும். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு வேகத்தில் போனோம். வயிறு மடிந்துகொண்டதால் மூச்சு பாதியில் நின்றது. அதைவிட மோசம், எங்களுக்குப் பாட்டை முடிக்கத் தெரியவில்லை. ஊர்வலத்தில் பாட்டுக்கு முடிவு கிடையாது. சர்ச் வாசல் வரும்வரை, மண்டபம் வரும்வரை, திரும்பத் திரும்ப வாசிப்போம். மாஸ்டர் விசிலடித்தால் அந்த இடத்தில் விட்டுவிடுவோம். இப்போது விசிலும் இல்லை, வாசலும் இல்லை. ஒருவர் நிறுத்த, ஒருவர் இன்னும் ஊதிக்கொண்டிருக்க, அசட்டுச் சிரிப்போடு பார்த்துக்கொண்டோம்.

அக்கம்பக்கத்தார் வேறு வந்து சத்தம் போட்டார்கள். சத்தத்தைப் பற்றி அவர்களுக்குப் புகார் இல்லை, அந்தச் சந்து பேண்டு கேட்டே வளர்ந்தது. மூடிய அறைக்குள் இத்தனை பேர் ஊதுகிறீர்களே, நோய் பரவாதா என்று பயந்தார்கள். அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல எங்களால் முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு மாரிக்குப்பம் ரயில் ஏறித் தங்கவயல் போனோம். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண், மலை மலையாக நிற்கிறதே, அதற்குப் பக்கத்தில் ஒரு மைதானம். சைட் டிரம்காரனின் வீடு இருக்கிற சுரங்கத் தொழிலாளர் லைனுக்கு அடுத்தது. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் ஊதலாம்.

அங்கேதான் எங்களை முதல்முறையாக ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள். சர்ச் முடிந்து வந்த பெண்கள் சிலர் புல்லில் உட்கார்ந்தார்கள். முதல் பாட்டுக்குக் கை தட்டினார்கள். இரண்டாவது பாட்டில் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாவது முடிவதற்குள் சமையல் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா அவர்கள் பின்னாலேயே போய், ஏன் எழுந்தீர்கள் என்று நேராகக் கேட்டுவிட்டு வந்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குதாம்," என்றார். "எல்லாரும் எல்லா நேரமும் ஊதறீங்க. காது அடைச்சுப் போகுது. ஒருத்தர் வாசிக்கட்டும், மத்தவங்க சும்மா இருங்க. நீங்களே கேட்டுப் பாருங்க, என்னா வாசிக்கிறோம்னு."

தெருவில் வாசிக்கிறவனுக்கு மெதுவாக வாசிப்பது என்று ஒன்று கிடையாது. பஸ் ஹாரனை மீறிக் கேட்க வேண்டும். அன்றைக்குத்தான் நான் யூஃபோனியத்தை முதன்முதலாகத் தனியாகக் கேட்டேன். தணிந்த குரலுள்ள பித்தளைக் குழல், இத்தனை வருடமாக எனக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த வாத்தியம். அதை வாசிக்கிறவர் அதிகம் பேசாத மனிதர், அப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தார். அவர் ஒரு பாட்டின் அடிக்குரலை மட்டும் மெதுவாக வாசித்தார். நாங்கள் எல்லோரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டோம்.

விசிலுக்குப் பதிலாக யார் என்பதில் சண்டை வந்தது. கிளாரினெட்காரர்தான் எங்களில் நன்றாக வாசிக்கிறவர், அவரே மாஸ்டராக இருக்கட்டும் என்று சிலர் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் அவர் கிளாரினெட்டை வாசித்துக்கொண்டு எங்களையும் பார்க்க முடியவில்லை. ஒரு ஞாயிறு பெரிய டிரம் அடிக்கிறவர் வரவில்லை. அக்கா அந்தக் குச்சியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த இடத்தில் பாட்டு முடிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்துக்கு முன்னால் இரண்டு அடி கனமாக விழும், நாங்கள் எல்லோரும் ஒன்றாக நிறுத்துவோம். முதல்முறை அப்படி ஒன்றாக நின்றபோது மைதானத்தில் காற்றுச் சத்தம் கேட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த முறை சிரிக்கவில்லை.

பெரிய டிரம்காரர் இனி வர முடியாது என்று சொல்லி அனுப்பியபோது, அக்காவே டிரம் அடிக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். கிளாரினெட்காரருக்குப் பிடிக்கவில்லை. பெண் கோட்டுப் போட்டு பேண்டில் நின்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்றார்.

"இத்தன நாள் கோட்டு எண்ணி வெச்சது நானு. நான் போட்டா என்னா கெட்டுப்போச்சு?" என்று கேட்டார் அக்கா.

கிளாரினெட்காரர் அடுத்த ஞாயிறு வரவில்லை. ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அவரைப் போய் அழைக்கலாம் என்றேன். வருகிறவர் தானாக வரட்டும் என்றார் அக்கா. அவர் வரவில்லை. இன்று வரை வரவில்லை.

அதனால் கிளாரினெட் வாசிக்கிற நீண்ட இடங்களெல்லாம் என் தலையில் விழுந்தன. காய்ச்சலுக்குப் பிறகு என் மூச்சு பழைய மூச்சு இல்லை. முன்பு ஒரே இழுப்பில் போகிற வரியை இப்போது நடுவில் அறுத்து மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. மார்பு எரியும். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் வீட்டு மொட்டை மாடியில் நின்று பயிற்சி செய்தேன். மூச்சு நீளவில்லை. ஒரு நாள் ஒத்திகையில் கோபத்தில் டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் பதில் வேறு ஆளைத் தேடுங்கள் என்றேன். யூஃபோனியக்காரர், "நீ மூச்சு எடுக்கற எடத்துல நான் வாசிக்கிறேன்," என்றார். முயன்று பார்த்தோம். நான் விடுகிற இடத்தில் அவர் பிடித்துக்கொண்டார். அவர் முடிக்கிற இடத்தில் நான் மறுபடி நுழைந்தேன். இரண்டு பேர் பேசிக்கொள்வது போல் இருந்தது. கிளாரினெட் வாசித்தபோது அந்தப் பாட்டு அப்படி இருந்ததில்லை.

அனுமதி வந்தது. ஒரு வேலை நாள் மாலை, அரசாங்க அரங்கம். எங்களுக்கு முன்னால் வடக்கு ஜில்லாவிலிருந்து வந்த ஒரு டொள்ளு குணிதக் குழு. பெரிய பெரிய மேளங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள். அவர்களும் நாங்களும் ஒரே அறையில் உடுத்திக்கொண்டோம். தொற்று வந்ததிலிருந்து மேளத்தை எடுக்கவே இல்லை, தோல் தளர்ந்துபோயிருந்தது, போன மாதம்தான் புதுத் தோல் போட்டோம் என்றார் அவர்களில் ஒருவர். அக்கா சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது அவர்கள் இடம் விட்டு உட்காரச் சொன்னார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

அரங்கத்தில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் 'இங்கே உட்கார வேண்டாம்' என்று ஒட்டியிருந்தது. ஒட்டாத நாற்காலிகளிலும் பாதி காலி. டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு பாதிப் பேர் வரவில்லை. அதிகாரி இரண்டாவது வரிசையில் இருந்தார், பக்கத்தில் தேர்வுக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர். பின்னால் ஒக்கலிபுரத்திலிருந்து என் தெருப் பையன்கள் ஒரு கும்பலாக வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு பாட்டுவரைதான்.

முதல் பாட்டு வேகமான பாட்டு. பாதியில் பையன்கள் எழுந்துவிட்டார்கள். பிள்ளையார் ஊர்வலத்தில் எங்கள் முன்னால் ஆடுகிறவர்கள்தானே, அவர்களுக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாது. நடைபாதையில் இறங்கி, விசிலடித்து ஆட ஆரம்பித்தார்கள். தேர்வுக் குழுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். பேண்டு என்றால் இதுதான் என்று அவர்கள் நினைத்ததை நாங்களே காட்டிக்கொண்டிருந்தோம்.

அக்கா முடிக்கிற அடியை அடித்தார். பாட்டு முடிய இன்னும் இரண்டு வரி இருந்தது, ஆனாலும் நாங்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒன்றாக நின்றோம். திடீரென்று நின்றதில் பையன்கள் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். அக்கா குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கிடம் போனார். முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில் சொன்னார்.

"எங்கள யாரும் முழுசா உட்கார்ந்து கேட்டதில்ல. இன்னைக்கு ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்க கண்ணுங்களா. பிடிக்கலன்னா எழுந்து போயிடுங்க, நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

பையன்கள் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்கள். ஒட்டியிருந்த நாற்காலியிலும் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள், அதை யாரும் கேட்கவில்லை. அக்கா திரும்பி வந்து எனக்குத் தலையசைத்தார். அடுத்தது எங்கள் மெதுவான பாட்டு.

நான் தொடங்கினேன். மூச்சு முடிகிற இடம் வந்தது, விட்டேன், யூஃபோனியம் பிடித்தது. அரங்கத்தில் யாரோ இருமியது எனக்குக் கேட்டது. வாசிக்கும்போது எனக்கு ஒருவர் இருமுவது கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அத்தனை பேர் பேசாமல் இருக்கிறார்கள், நாங்கள் வாசிப்பதற்காக இருக்கிறார்கள் என்பது புரிந்தபோது பயமாகவும் இருந்தது, ஒரு மாதிரி தைரியமாகவும் இருந்தது. மேடை ஓரத்தில் டொள்ளுக் குழுக்காரர்கள் முகத்துச் சாயத்தைக்கூடத் துடைக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் இரண்டு அடி விழுந்தது. முடித்தோம். கைதட்டல் உடனே வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

நன்றாக வாசித்தோமா என்றால், எல்லாப் பாட்டும் நன்றாக இல்லை. நான்காவது பாட்டில் சைட் டிரம்காரன் தாளத்தில் முந்தி ஓடிவிட்டான், அவனைப் பிடிக்க நாங்களும் ஓடினோம். ஆனால் எங்களுக்குக் கொடுத்த நேரம் முழுவதும் வாசித்தோம், ஒருவரும் எழுந்து போகவில்லை. நிகழ்ச்சி முடிந்து அதிகாரி உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்த யூஃபோனியக்காரரிடம் போய், அந்த வாத்தியத்தின் பெயர் என்ன என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சன்மானம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அதைவிட முக்கியமாக, அந்த நிகழ்ச்சியை யாரோ போனில் எடுத்துப் போட்டதைப் பார்த்து அழைப்புகள் வந்தன. கல்யாணங்களுக்கு மறுபடி ஊதுகிறவர்களையும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லோரும் திரும்பவில்லை. செட்டில் இரண்டு இடம் இன்னும் காலி. நான் கிடங்கு வேலையை விடவில்லை. வாரத்தில் சில நாள் அங்கே, சில நாள் பேண்டு. ஓடுகிறது.

அடுத்த வருடம் அந்த அலுவலகத்தில் கலைஞர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். நடனக்காரர்கள், நாடகக்காரர்கள், பாடகர்கள் பேசினார்கள். பெரும்பாலும் நன்றி சொன்னார்கள். அக்கா எழுந்து, முதலில் நன்றி சொன்னார். பிறகு, வேலை நாளில் நிகழ்ச்சி வைக்காதீர்கள், ஜனம் வர முடியவில்லை என்றார். மைக் செட்காரர், விளக்குப் போடுகிறவர், உடுப்புத் தைக்கிறவர் எல்லோருக்கும்தான் மேடை போனது, அவர்கள் எந்தப் பிரிவிலும் இல்லை, அவர்களையும் சேருங்கள் என்றார். பேண்டை மெல்லிசையின் கீழ் போட்டது போதும், பேண்டு என்றே போடுங்கள், எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ செட் இருக்கிறது என்றார். முன் வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். மூன்றில் எது நடக்கும் என்று தெரியாது. ஒன்று நடந்தால்கூட அடுத்த வருடம் வந்து மற்ற இரண்டையும் கேட்பேன் என்று அக்கா வெளியே வரும்போது சொன்னார்.

அன்றைக்கு மாலை லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு காத்திருந்த டெம்போக்காரர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். அக்காவை இரவல் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன்.